எரிந்த கோப்புகளும் எஞ்சிய பெயர்களும்: முதல் உலகப்போரில் கிழக்கு லங்காஷயர் ரெஜிமென்ட் வீரர்களின் பணி வரலாற்றை மீட்டெடுத்தல்

ஆய்வுச்சுருக்கம்

முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரித்தானியச் சாதாரண வீரர்களின் பணிக்கோப்புகளில் பெரும்பகுதி 1940-ஆம் ஆண்டு இலண்டன் குண்டுவீச்சில் அழிந்தது. எஞ்சிய சான்றுகளைக் கொண்டே இன்று அவ்வீரர்களின் வரலாறு எழுதப்படுகிறது. அச்சான்றுகள் ஊதியம், ஓய்வூதியம், பதக்கம், மரணம் ஆகியவற்றின் நிருவாகத் தேவைக்காக உருவானவை. ஆகவே, இறந்தவரும் ஊனமுற்றவரும் அவற்றில் மிகுதியாக இடம்பெறுகின்றனர். காயமின்றித் திரும்பியவர் ஏறத்தாழ மறைந்துபோகிறார். கிழக்கு லங்காஷயர் ரெஜிமென்டின் 11-ஆம் பட்டாலியனை முதன்மைச் சான்றாகக் கொண்டு இச்சாய்வினையும், அதனை ஓரளவு ஈடுசெய்யும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முதல் உலகப்போர், கிழக்கு லங்காஷயர் ரெஜிமென்ட், அக்ரிங்டன், பணிக்கோப்பு, போர் நாட்குறிப்பு, ஆவணச் சாய்வு

முன்னுரை

போரின் வரலாறு நெடுங்காலம் தளபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாதாரண வீரர்களின் பக்கம் ஆய்வாளர் கவனம் திரும்பியது. மார்ட்டின் மிடில்புரூக் 1971-இல் வெளியிட்ட சோம் போரின் முதல் நாள் பற்றிய நூல், உயிருடன் இருந்த முன்னாள் வீரர்களின் நினைவுகளை ஆதாரமாகக் கொண்டு இத்திருப்பத்திற்கு வலுச்சேர்த்தது. அத்தலைமுறை இன்று இல்லை. வாய்மொழிச் சான்று முடிந்துபோன நிலையில் ஆய்வாளருக்கு எஞ்சியிருப்பது காகிதமே.

அக்காகிதம் எத்தகையது, யாருக்காக எழுதப்பட்டது, எவரைப் பற்றிப் பேசுகிறது, எவரைப் பற்றிப் பேசவில்லை என்னும் வினாக்களைக் கேளாமல் பெயர்களைத் தொகுப்பது வரலாறாகாது. தனியொரு காலாட்படை ரெஜிமென்டை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரெஜிமென்ட் என்னும் அமைப்பு

பிரித்தானியக் காலாட்படை ரெஜிமென்ட் போர்க்களத்தில் ஒரே உடலாகப் போரிடும் படை அன்று. அது பல பட்டாலியன்களை ஒரு பெயரின்கீழ் இணைக்கும் நிருவாகக் குடும்பம் ஆகும். 1881-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது, 30, 59 என்னும் எண்களைத் தாங்கிய பழைய இரு காலாட்படை ரெஜிமென்டுகள் இணைக்கப்பட்டுக் கிழக்கு லங்காஷயர் ரெஜிமென்ட் உருவானது.

முதல் உலகப்போரில் இந்த ரெஜிமென்டின் பட்டாலியன்கள் வெவ்வேறு களங்களில் சிதறிக்கிடந்தன. நிரந்தரப் படையைச் சேர்ந்த 1-ஆம் பட்டாலியன் 1914 ஆகஸ்டிலேயே பிரான்சில் போரிட்டது. பகுதிநேரப் படையான 4, 5-ஆம் பட்டாலியன்களின் முதல்வரிசைப் பிரிவுகள் எகிப்து வழியாக 1915-இல் கலிப்போலிக்குச் சென்றன. 6-ஆம் பட்டாலியன் கலிப்போலியிலும் பின்னர் மெசபத்தேமியாவிலும் இருந்தது. 9-ஆம் பட்டாலியன் சலோனிகாவில் நின்றது. ஆகவே, ஒரு வீரர் ‘கிழக்கு லங்காஷயர் ரெஜிமென்டில் பணியாற்றினார்’ என்னும் செய்தி மட்டும் அவர் பாலைவனத்தில் இருந்தாரா, சேற்றுக் குழியில் இருந்தாரா என்பதைக்கூடச் சொல்லாது. வீரரின் பட்டாலியனைக் கண்டறிவதே இவ்வகை ஆய்வின் முதற்படியாகும்.

அக்ரிங்டன் பட்டாலியன்

1914 ஆகஸ்டு 5-இல் போர் அமைச்சராகப் பொறுப்பேற்ற கிச்சனர் பிரபு, தன்னார்வப் படை திரட்ட அழைப்பு விடுத்தார். ஒரே ஊரார், ஒரே ஆலைத் தொழிலாளர், ஒரே பள்ளியில் பயின்றோர் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாகவே பணியாற்றலாம் என்னும் உறுதிமொழியுடன் பல நகரங்கள் தத்தம் பட்டாலியன்களைத் திரட்டின. பருத்தி ஆலைகளும் நூற்பு இயந்திரத் தொழிலும் நிறைந்த அக்ரிங்டன் ஏறத்தாழ 45,000 மக்கள்தொகை கொண்ட சிறுநகரம். அதன் மேயர் ஜான் ஹார்வுட் ஒரு முழுப் பட்டாலியனைத் தர முன்வந்தார். செப்டம்பர் நடுவில் தொடங்கிய ஆள்சேர்ப்பு ஏறத்தாழ பத்து நாள்களில் ஆயிரம் பேரைத் தாண்டியது. அக்ரிங்டனும் அதன் சுற்றுப்புற ஊர்களும், சோர்லியும், பர்ன்லியும் இதற்கு ஆள் தந்தன. இதுவே கிழக்கு லங்காஷயர் ரெஜிமென்டின் 11-ஆம் பட்டாலியன்.

எகிப்தில் சூயஸ் கால்வாய்க் காவலில் சில வாரங்கள் இருந்தபின் 1916-இன் தொடக்க மாதங்களில் இப்பட்டாலியன் பிரான்சை அடைந்தது. 31-ஆம் டிவிஷனின் 94-ஆம் பிரிகேடில் ஷெஃபீல்டு, பார்ன்ஸ்லி நகரப் பட்டாலியன்களுடன் இது இடம்பெற்றது. 1916 ஜூலை 1 அன்று காலை செர் என்னும் சிற்றூரைக் கைப்பற்றும் பணி அப்பிரிகேடுக்கு அளிக்கப்பட்டது. காலை 7.20-க்கு முதல் வரிசையினர் பதுங்குகுழியை விட்டு வெளியேறினர், 7.30-க்குத் தாக்குதல் தொடங்கியது. தாக்குதலில் ஈடுபட்ட ஏறத்தாழ 720 பேரில் 584 பேர் கொல்லப்பட்டனர், காயமுற்றனர் அல்லது காணாமற்போயினர். ஐவரில் நால்வர் என்பது இதன் பொருள். பட்டாலியன் தளபதி ரிக்மனும் அன்று காயமுற்றார். அந்நாளில் பிரித்தானியப் படை முழுமைக்கும் ஏற்பட்ட இழப்பு 57,470. அவர்களுள் இறந்தோர் 19,240.

இந்நிகழ்வு அக்ரிங்டனின் நினைவில் ஆழப் பதிந்தது. நூல்களும் நாடகமும் இதனைப் பேசியுள்ளன. ஆயினும் அனைத்தும் 584 என்னும் எண்ணையே மையமாகக் கொண்டவை. எஞ்சிய ஏறத்தாழ 136 பேர் யாவர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. தாக்குதலில் சேர்க்கப்படாமல் பின்களத்தில் நிறுத்தப்பட்டோரையும் கூட்டினால் இத்தொகை மேலும் பெருகும். அவர்களே பின்வந்த ஆண்டுகளில் பட்டாலியனின் முதுகெலும்பாக இருந்திருக்க வேண்டியவர்கள். அவர்களின் பெயர்களைத் தேடும்போதுதான் ஆவணங்களின் இயல்பு வெளிப்படுகிறது.

1940 செப்டம்பரும் எரிந்த கோப்புகளும்

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பணிக்கோப்பு இருந்தது. சேர்க்கைப் படிவம் அவர் வயது, தொழில், முகவரி, உயரம் ஆகியவற்றைத் தரும். மருத்துவத் தாளும் ஒழுங்கு நடவடிக்கைத் தாளும் உடனிருக்கும். இவற்றுள் வரலாற்றாய்வுக்குப் பெரிதும் பயன்படுவது களப்பணிப் படிவமாகும். இடமாற்றம், விடுப்பு, மருத்துவமனைச் சேர்க்கை, பதவி உயர்வு, காயம் என வீரரின் நிலையில் நேர்ந்த ஒவ்வொரு மாற்றமும் அதில் நாள்வாரியாகக் குறிக்கப்பட்டது.

இக்கோப்புகள் தென் இலண்டனின் வால்வர்த் பகுதியில் ஆர்ன்சைட் தெருவிலிருந்த போர்த்துறைக் கிடங்கில் வைக்கப்பட்டிருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மானிய வான்படை வீசிய குண்டுகளால் அக்கிடங்கு தீப்பற்றியது. ஏறத்தாழ அறுபது விழுக்காட்டுக் கோப்புகள் அழிந்தன. எஞ்சியவற்றில் பலவும் விளிம்பு கருகியும், தீயை அணைத்த நீரில் ஊறியும் சிதைந்தன. கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை டபிள்யூ.ஓ. 363 என்னும் வரிசையில் உள்ளன. ஆய்வாளர்களிடையே ‘எரிந்த ஆவணங்கள்’ என வழங்குகின்றன.

இவ்விழப்பை ஈடுசெய்ய ஓய்வூதிய அமைச்சகத்திடமிருந்தும் பிற அலுவலகங்களிடமிருந்தும் திரட்டப்பட்ட கோப்புகளே டபிள்யூ.ஓ. 364 வரிசையாகும். ‘எரியாத ஆவணங்கள்’ என்று பெயர் பெற்றிருப்பினும் இவை அழிந்தவற்றின் படிகள் அல்ல. காயத்தாலோ நோயாலோ பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு ஓய்வூதியம் கோரியோரின் கோப்புகளே இவற்றுள் பெரும்பான்மை. உடல்நலத்துடன் 1919-இல் ஊர் திரும்பி, எதையும் கோராமல் மீண்டும் ஆலைக்குச் சென்ற நெசவாளருக்கு இவ்வரிசையில் இடமில்லை.

தீ தற்செயலானது, அதற்கு இறந்தவர், பிழைத்தவர் என்னும் வேறுபாடு தெரியாது. ஆனால் தீக்குப்பின் நிகழ்ந்த ஈடுசெய்தல் தற்செயலானதன்று. அது உடற்குறையைப் பதிவுசெய்த அலுவலகங்களைச் சார்ந்தே அமைந்தது. ஆவணச் சாய்வின் முதல் அடுக்கு இங்கே உருவாகிறது.

படை எண்ணும் அடையாளச் சிக்கலும்

பணிக்கோப்பு கிடைக்காதபோது ஆய்வாளர் நாடுவது பதக்க அட்டவணை அட்டைகளையும் பதக்கப் பட்டியல்களையும் ஆகும். களத்திற்குச் சென்ற ஏறத்தாழ அனைவருக்கும் இவை உண்டு என்பதால் பரப்பளவில் இவையே மிகப் பெரியவை. ஆனால் இவற்றின் ஆழம் குறைவு. பெயர், படைநிலை, ரெஜிமென்ட், எண், பெற்ற பதக்கம் என்பதற்கு மேல் பெரும்பாலான அட்டைகள் எதையும் கூறுவதில்லை. 1915 டிசம்பர் 31-க்குள் களம் புகுந்து நட்சத்திரப் பதக்கம் பெற்றோரின் அட்டைகளில் களம் புகுந்த நாளும் இடமும் காணப்படும். அதற்குப்பின் சென்ற பெரும்பாலோருக்கு அக்குறிப்பும் இல்லை.

படை எண்களும் குழப்பத்திற்கு இடந்தருகின்றன. 1920 வரை ஒவ்வொரு ரெஜிமென்டும் தனக்கெனத் தனியே எண்களை வழங்கியது. எனவே ஒரே எண்ணைப் பல ரெஜிமென்டுகளில் பலர் தாங்கியிருக்கக்கூடும். வேறு ரெஜிமென்டுக்கு மாற்றப்பட்டவர் புதிய எண்ணைப் பெற்றார். பகுதிநேரப் பட்டாலியன்களின் வீரர்களுக்கு 1917-இல் ஆறிலக்க எண்கள் வழங்கப்பட்டன. கிழக்கு லங்காஷயரில் 200001 முதல் தொடங்கும் எண்கள் 4-ஆம் பட்டாலியனையும், 240001 முதல் தொடங்கும் எண்கள் 5-ஆம் பட்டாலியனையும் சுட்டின. இதனால் 1916-இல் காயமுற்ற ஒருவரும் 1918-இல் சிறைப்பட்ட ஒருவரும் ஒரே மனிதரா என்பதைப் பெயரைக்கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது. லங்காஷயர் நகரங்களில் ஒரே பெயரும் குடும்பப்பெயரும் மீண்டும் மீண்டும் வழங்கியமையால் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது.

அதே எண்களே துணையும் செய்கின்றன. அடுத்தடுத்த எண்களைப் பெற்றோர் பெரும்பாலும் ஒரே காலத்தில் சேர்ந்தவர்கள். ஒருவருடைய கோப்பு எரிந்திருப்பினும், அவருக்கு முன்னும் பின்னும் எண் பெற்றோருடைய கோப்புகள் கிடைக்குமாயின், அவர் சேர்ந்த நாளையும் களம் சென்ற குழுவையும் உய்த்துணரலாம். எனினும் இது உறுதிச் சான்றன்று, நிகழ்தகவே. இவ்வேறுபாட்டைக் கட்டுரையில் வெளிப்படையாகக் குறிப்பது ஆய்வறமாகும்.

போர் நாட்குறிப்பும் அதன் மௌனமும்

பட்டாலியன் தெரிந்துவிட்டால் அடுத்த சான்று போர் நாட்குறிப்பு ஆகும். களத்திலிருந்த ஒவ்வொரு பட்டாலியனும் நாள்தோறும் இதனை எழுதவேண்டும் என்பது விதி. இடப்பெயர்ச்சி, வானிலை, தாக்குதல், இழப்பு ஆகியவை இதில் இடம்பெறும். ஆனால் இதன் மொழி படிநிலை சார்ந்தது. அதிகாரிகள் பெயரால் சுட்டப்படுகின்றனர். ஏனையோர் பெரும்பாலும் ‘பிற நிலையினர்’ என்னும் தலைப்பின்கீழ் எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றனர். ஓர் அதிகாரி விடுப்பில் செல்வது பெயருடன் பதிவாகும். பதினைந்து பேர் இறப்பது ஓர் எண்ணாகப் பதிவாகும்.

1918 மார்ச்சில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இவ்வேற்றுமையைத் தெளிவாக்கும். ஜெர்மானியப் படையின் பெருந்தாக்குதலின்போது, மார்ச் 27 அன்று மொயன்வில், அப்லென்ஸ்வெல் ஆகிய சிற்றூர்களுக்கு இடையே 11-ஆம் பட்டாலியன் நின்றது. அதில் ஒரு பிளட்டூனுக்குத் தலைமை தாங்கியவர் இரண்டாம் லெஃப்டினன்ட் பேசில் ஆர்தர் ஹார்ஸ்ஃபால். இவர் 1887-இல் கொழும்பில் பிறந்தவர். போர்க்காலத்தில் இலங்கையிலிருந்து இங்கிலாந்து சென்று படையில் அதிகாரியானவர். முன்னணிப் பிரிவுகள் பின்தள்ளப்பட்டபோது தலையில் காயமுற்ற நிலையிலும் எஞ்சியோரை ஒருங்குதிரட்டி எதிர்த்தாக்கி, இழந்த இடத்தை மீட்டார். தம் கம்பெனியின் பிற அதிகாரிகள் மூவரில் இருவர் இறந்து ஒருவர் காயமுற்றதால் சிகிச்சைக்குச் செல்ல மறுத்தார். பின்வாங்க ஆணை வந்தபோது இறுதியாக அவ்விடத்தை விட்டு நீங்கியவர், அப்போது கொல்லப்பட்டார். அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அவர் உடல் அடையாளம் காணப்படவில்லை. அராஸ் நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

இச்செய்திகள் அனைத்தும் கிடைப்பதற்குக் காரணம் அவர் அதிகாரி என்பதும், பதக்கம் பெற்றார் என்பதும், இறந்தார் என்பதும் ஆகும். ஆனால் எதிர்த்தாக்குதலைத் தனியொருவர் நிகழ்த்த இயலாது. அவருடன் சென்று அவ்விடத்தை மீட்ட வீரர்கள் யாவர்? பதக்க அறிவிப்பு அவர்களைப் பெயரின்றி, படைப்பிரிவாகவே குறிக்கிறது. 1916-க்குப்பின் வேற்றூர்களிலிருந்து நிரப்பப்பட்ட வீரர்கள் பட்டாலியனில் பெருகியிருந்ததால், அவர்கள் அக்ரிங்டன் நகரத்தவர் என்று கொள்வதற்கும் இடமில்லை. ஹார்ஸ்ஃபாலின் வீரத்தை இது சிறிதும் குறைக்கவில்லை. ஒரே நிகழ்வில் பங்கேற்ற ஒருவரின் பிறந்த ஊர்வரை தெரிய, ஏனையோரின் பெயரும் தெரியாத நிலையைத்தான் இது காட்டுகிறது.

இறந்தோர் ஆவணங்களின் மிகுதி

இறந்த வீரருக்குச் சான்றுகள் பலவாகும். 1921-இல் எண்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக வெளியான ‘பெரும்போரில் இறந்த வீரர்கள்’ என்னும் அரசுப் பட்டியல் பெயர், எண், பட்டாலியன், பிறந்த ஊர், சேர்ந்த ஊர், இறந்த நாள் ஆகியவற்றைத் தருகிறது. இறந்தவரின் நிலுவை ஊதியம் யாருக்கு வழங்கப்பட்டது என்பதை வீரர் உடைமைப் பதிவேடு காட்டுகிறது. அதிலுள்ள போர்க்கொடைத் தொகை பணிக்காலத்தைப் பொறுத்து அமைவதால், அதைக்கொண்டு அவர் சேர்ந்த மாதத்தையும் கணிக்கலாம். கைம்பெண்ணுக்கும் பெற்றோருக்கும் வழங்கிய ஓய்வூதியம் பற்றிய அட்டைகள் குடும்பத்தைக் காட்டுகின்றன.

1917-இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையம் படைநிலை வேறுபாடின்றி ஒவ்வொருவர் பெயரும் நிலைநிறுத்தப்படவேண்டும் என்னும் கொள்கையை மேற்கொண்டது. 1917-இன் தொடக்கத்தில் ஜெர்மானியர் பின்வாங்கிய பின்னரே செர் களத்தின் உடல்கள் திரட்டப்பட்டன. அடையாளம் காண இயலாதோரின் பெயர்கள் தீப்வால் நினைவுச்சின்னத்தில் இடம்பெற்றன. 1932-இல் திறக்கப்பட்ட அச்சின்னத்தில் 72,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இச்சமத்துவம் ஐரோப்பாவுக்கு வெளியே முழுமையாகப் பின்பற்றப்படவில்லை என்பதையும், இந்திய, ஆப்பிரிக்க வீரர் பலர் பெயரின்றி விடப்பட்டனர் என்பதையும் 2021-இல் ஆணையமே வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது.

தமிழ்ச் சூழலில் நடுகல் மரபை அறிந்தோர்க்கு இந்நிலை புதிதன்று. ஆநிரை மீட்கச் சென்றோர் பலராயினும் கல் எழுப்பப்பட்டது வீழ்ந்தவனுக்கே. மீட்டுத் திரும்பியவன் கல்லில் இல்லை. இறந்தோரை நினைத்தல் சமூகத்தின் கடன். அக்கடனின் விளைவாக எழுந்த பதிவுகளைப் போரின் முழுமையான பதிவு எனக் கொள்வதே ஆய்வாளரின் பிழையாகிறது.

திரும்பியோரைத் தேடும் வழிகள்

காயமின்றித் திரும்பியோரை மீட்க உதவும் சான்றுகள் சிதறிக்கிடப்பினும் முற்றிலும் இல்லை எனக் கூற இயலாது.

முதலாவது, வராத வாக்காளர் பட்டியல். 1918-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் களத்திலிருந்த 19 வயது நிரம்பிய வீரர்க்கும் வாக்குரிமை அளித்தது. அதன்பொருட்டு வீட்டு முகவரி, படை எண், படைப்பிரிவு ஆகியவற்றுடன் பட்டியல்கள் தொகுக்கப்பட்டன. மேற்கண்ட ஆவணங்களுள் உயிருடன் இருந்தோரையே மையமாகக் கொண்டது இது ஒன்றே. முகவரியும் எண்ணும் ஒருங்கே கிடைப்பதால் பெயர்க் குழப்பத்தையும் இது தீர்க்கிறது. எல்லா ஊர்களுக்கும் இப்பட்டியல் எஞ்சவில்லை என்பதும், குடும்பத்தார் தந்த செய்தியைச் சார்ந்திருந்தது என்பதும் இதன் வரையறைகள்.

இரண்டாவது, உள்ளூர்ச் செய்தித்தாள்கள். வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம், விடுப்பில் வந்த செய்தி, சகோதரர் பலர் படையில் இருக்கும் குடும்பத்தின் ஒளிப்படம் ஆகியவை வாரந்தோறும் வெளிவந்தன. தணிக்கையும் ஊர்ப்பெருமையும் இவற்றின் மொழியை வடிவமைத்தன என்பதை மனங்கொண்டே இவற்றைப் பயன்படுத்தவேண்டும்.

மூன்றாவது, தேவாலயம், பள்ளி, ஆலை, சங்கம் ஆகியவற்றின் கௌரவப் பட்டியல்கள். நகரப் பொது நினைவுச்சின்னம் இறந்தோரை மட்டும் குறிக்க, இத்தகைய பட்டியல்களுட் சில பணியாற்றிய அனைவரையும் குறிக்கின்றன. நான்காவது, ஜெனீவாவிலுள்ள செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க்கைதிப் பதிவேடுகள். சிறைப்பட்டு உயிர் தப்பியோரின் பட்டாலியனையும், பலருக்குக் கம்பெனியையும் இவை தருகின்றன.

இவற்றுள் எதுவும் தனித்து முழுமை தராது. எண்ணையும் முகவரியையும் இணைப்புப் புள்ளிகளாகக் கொண்டு ஒவ்வொரு வீரருக்கும் பல சான்றுகளை ஒப்பிட்டு நோக்கும்போதே ஒரு பட்டாலியனின் உண்மையான உருவம் தென்படத் தொடங்குகிறது. புகழ்பெற்ற வீரரிலிருந்தோ நினைவுச்சின்னத்திலிருந்தோ தொடங்காமல், பதக்கப் பட்டியலில் காணப்படும் அனைவரிடமிருந்தும் தொடங்குவது இம்முறையின் அடிப்படையாகும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழி பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. ரெஜிமென்ட் என்னும் பெயர் பணியிடத்தைக் காட்டாது. பட்டாலியனை அறியாமல் வீரரின் போர் அனுபவம் பற்றிக் கூறப்படுவன ஊகங்களே.

2. 1940-ஆம் ஆண்டுத் தீ கோப்புகளைக் கண்மூடித்தனமாக அழித்தது. அதனை ஈடுசெய்யத் திரட்டிய ஆவணங்களோ காயமுற்றோர், நோயுற்றோர் பக்கம் சாய்ந்தவை.

3. போர் நாட்குறிப்பும் பதக்க அறிவிப்பும் அதிகாரியைப் பெயராலும் சாதாரண வீரரை எண்ணாலும் குறிக்கின்றன. ஹார்ஸ்ஃபாலின் பிளட்டூன் இதற்குச் சான்று.

4. இறந்தோருக்குரிய ஆவணங்களின் மிகுதியால், பட்டாலியன் வரலாறு என்பது இழப்பின் வரலாறாகச் சுருங்கிவிடும் இடர் உள்ளது. வராத வாக்காளர் பட்டியல் முதலிய சான்றுகளை இணைத்து நோக்குவதால் இச்சுருக்கத்தைத் தவிர்க்கலாம்.

1916 ஜூலை 1 மாலை செர் களத்திலிருந்து தம் காலால் நடந்து திரும்பிய அக்ரிங்டன் வீரர், அதன்பின் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போரிட்டிருக்கலாம். அவர் கோப்பு எரிந்திருப்பின், இன்று அவருக்குரியதாக எஞ்சுவது நாள் குறிக்கப்படாத ஒரு பதக்க அட்டை மட்டுமே. இறந்த நண்பருக்குக் கல் உண்டு, பட்டியல் உண்டு, குடும்பம் பெற்ற தொகையின் கணக்கும் உண்டு. அந்நண்பரைப் பற்றி அறியவேண்டியதை ஆய்வுலகம் ஓரளவு அறிந்துவிட்டது. பெயரற்ற அந்த 136 பேரிடமிருந்து தொடங்குவதே இனிவரும் பட்டாலியன் ஆய்வுகளின் பணியாக அமைய வேண்டும்.